நீச்சல் போட்டிக்கு முன் வார்ம்-அப்: அந்த அரை மணி நேரத்தில் பசங்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பையனையோ பொண்ணையோ நீச்சல் போட்டிக்குக் கூட்டிட்டுப் போற பெற்றோருக்கு, விசில் ஊதி போட்டி தொடங்கும்போதுதான் மனசு படபடக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு லேனுக்கு ஒருவர்தான் தண்ணீரில் இருப்பார். நடுவர்கள், நேரம் குறிப்பவர்கள், பயிற்சியாளர்கள் என அத்தனை பேரின் கண்ணும் குளத்தின் மேல் இருக்கும்.

அடிபட அதிக வாய்ப்புள்ள நேரம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதுதான் வார்ம்-அப் நேரம். ஒரே லேனில் பத்து, பதினைந்து பேர் இறங்குவார்கள். எட்டு வயசுக் குழந்தையும் கல்லூரி மாணவரும் ஒரே தண்ணீரில் இருப்பார்கள். ஒருத்தர் வேகமாக நீந்துவார், ஒருத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்பனிடம் பேசிக்கொண்டிருப்பார், இன்னொருத்தர் மேலே இருந்து டைவ் அடிப்பார்.

பள்ளி அளவிலான போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் நீச்சல் குளத்திலோ, சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்திலோ உங்கள் வீட்டுப் பிள்ளை இறங்கப் போகிறதா? அப்படியானால் இந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வார்ம்-அப் எதற்கு?

குளிர்ந்த தசை மெதுவாகத்தான் சுருங்கி விரியும். கொஞ்ச நேரம் லேசாக நீந்தினால் தசையின் வெப்பம் கூடும், ரத்த ஓட்டம் கூடும், மூச்சும் இதயத்துடிப்பும் படிப்படியாக உயரும். திடீரென்று முழு வேகத்துக்குப் போகும்போது தோள்பட்டையும் இடுப்பும் அந்தச் சுமையைத் தாங்க இது உதவும்.

இன்னொரு காரணமும் உண்டு. புதுக் குளத்துக்குப் போனால் சுவர் எங்கே இருக்கிறது, அடித்தரைக் கோடு எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் ஆழம், பிளாக் வழுக்குமா என்பதெல்லாம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கிடைக்கிற ஒரே நேரம் இதுதான். அதனால் "என் பிள்ளைக்கு வார்ம்-அப்பே வேண்டாம், பத்திரமா உட்காரட்டும்" என்று நினைப்பதும் சரியில்லை. முறையாகச் செய்யணும், அவ்வளவுதான்.

கிணற்றில் குதிப்பதும் குளத்தில் குதிப்பதும் ஒன்றா?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் நீச்சல் கற்றுக்கொண்ட பலருக்கும் முதல் பள்ளிக்கூடம் தோட்டத்துக் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு இறங்கி, பயம் தெளிந்ததும் திண்டில் ஏறித் தலைகீழாகக் குதிப்பது ஒரு வீரம். நாலு ஆள் ஆழத் தண்ணீர் இருக்கும் கிணற்றில் தலை அடிமட்டத்தைத் தொடாது. (தண்ணீர் வற்றிய கிணற்றிலும் கண்மாயிலும் அதே வீரம் உயிரை எடுத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.)

நீச்சல் குளம் அப்படி இல்லை. சர்வதேச நீச்சல் அமைப்பான வேர்ல்டு அக்வாட்டிக்ஸ் விதிப்படி, ஸ்டார்ட்டிங் பிளாக் உள்ள பக்கத்தில் தேவையான குறைந்தபட்ச ஆழம் 1.35 மீட்டர். ஏறக்குறைய நாலரை அடி. சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவில் தொடங்கி, குறைந்தது 6 மீட்டர் வரை இந்த ஆழம் இருக்கணும். பிளாக்கின் உயரம் தண்ணீர் மட்டத்திலிருந்து 50 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கலாம்.

நாலரை அடி என்பது பெரியவர் ஒருவரின் நெஞ்சளவுத் தண்ணீர்தான். டைவ் பழகிய வீரர் தண்ணீருக்குள் சாய்வாக நுழைந்து உடனே மேலே திரும்பிவிடுவார். பழகாத பிள்ளை கிணற்றில் குதிக்கிற மாதிரி செங்குத்தாகப் போனால் தலை தரையில் மோதும்.

அப்படி மோதும்போது தலை நின்றுவிடும், உடம்பு நிற்காது. பின்னால் வரும் உடம்பின் எடை முழுவதும் கழுத்தெலும்பின் மேல் இறங்கும். டைவ் விபத்துகளில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புப் பகுதி. அங்கே தண்டுவடம் நசுங்கினால் கை, கால் நிரந்தரமாகச் செயலிழந்து போகலாம். ஒரு நொடித் தவறுக்கு வாழ்நாள் முழுக்க சக்கர நாற்காலி என்பது மிகை இல்லை.

இதனால்தான் டைவ் கற்றுக்கொடுப்பதற்கே அமெரிக்காவின் யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் அமைப்பு குறைந்தது 6 அடி ஆழம் கேட்கிறது. கற்றுக்கொள்கிறவர்தான் அதிக ஆழத்துக்குப் போவார் என்பது அதன் கணக்கு.

முதல் விதி: கால் முதலில், கை சுவரில்

உலகம் முழுக்க வார்ம்-அப் பாதுகாப்பின் அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான். பொது வார்ம்-அப் நேரத்தில் யாரும் டைவ் அடிக்கக் கூடாது. குதிக்கவும் கூடாது. குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கையை விளிம்பில் ஊன்றி, காலை முதலில் விட்டு மெதுவாக இறங்கணும்.

இறங்குவதற்கு முன் கீழே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கணும். தண்ணீருக்குள் சுவரில் திரும்பிக்கொண்டிருப்பவர் மேலே இருந்து பார்த்தால் சட்டென்று தெரிய மாட்டார்.

'லேசா ஒரு ஜம்ப் பண்ணினா என்ன?' என்று பசங்க கேட்பார்கள். தேர்ந்த வீரர் ஒருவர் பிளாக்கை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்தில் போவார். மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல். கிளம்பியதிலிருந்து கை தண்ணீரைத் தொட அரை நொடிகூட ஆகாது. கீழே ஒருவர் தலை தூக்குவதைப் பார்த்தாலும் காற்றில் பிரேக் போட முடியாது. இதில் அடிபடுவது இரண்டு பேர்.

அப்போ டைவ் எப்போது பழகுவது?

முழுக்கத் தடுத்தால் பசங்க திருட்டுத்தனமாக அடிப்பார்கள். அதற்குத்தான் ஸ்பிரின்ட் லேன் என்ற ஏற்பாடு. பொது வார்ம்-அப் முடிந்த பிறகு, ஒன்றிரண்டு லேன்களை மட்டும் டைவ் பழகுவதற்கு ஒதுக்குவார்கள். அங்கே கடைப்பிடிக்க வேண்டியவை:

• ஒருவழிப் பாதை. பிளாக்கிலிருந்து கிளம்பி நேராகப் போகணும். அதே லேனில் திரும்பி நீந்தக் கூடாது. வெளியேறி நடந்துதான் வரணும்.

• பிளாக்கில் ஒருவர் நிற்கும்போது அதே லேனின் சுவரில் யாரும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

• முன்னால் போனவர் குறைந்தது 15 மீட்டர் அடையாளத்தைத் தாண்டிய பிறகே அடுத்தவர் கிளம்பணும்.

• பயிற்சியாளர் பக்கத்தில் நின்று 'போ' என்று சொன்ன பிறகுதான் டைவ்.

• முதுகு நீச்சல் வீரர் தண்ணீரில் இருந்து கிளம்பும்போது, மேலே பிளாக்கில் வேறு யாரும் ஏறி நிற்கக் கூடாது.

• ஆழமில்லாத பக்கத்திலிருந்து டைவ் கிடையாது. பல குளங்களில் ஒரு முனை ஆழமாகவும் மறுமுனை கற்றுக்குட்டிகளுக்காக ஆழம் குறைவாகவும் இருக்கும். எது எந்தப் பக்கம் என்று போனதும் கேட்டுக்கொள்ளணும்.

லேனுக்குள் எந்தப் பக்கம் போகணும்?

ரோட்டில் இடதுபக்கம் போய்ப் பழகியவர்கள் நாம். குளத்தில் அது தானாக வந்துவிடாது. ஒரே லேனில் பலர் நீந்தும்போது ஒரு பக்கமாகப் போய், மறுபக்கமாகத் திரும்பி வரணும். அமெரிக்காவில் பொதுவாக வலதுபக்கம். பிரிட்டனின் பல கிளப்களில் ஒரு லேன் கடிகாரச் சுற்று என்றால் பக்கத்து லேன் எதிர்ச்சுற்று. லேன் கயிற்றின் இரண்டு பக்கமும் ஒரே திசையில் போவதால் கையோடு கை மோதாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

எந்த முறையாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லோருக்கும் ஒரே முறை தெரிந்திருக்கணும், அதுதான் முக்கியம். ஒரு பள்ளி வலதுபக்கமும் இன்னொரு பள்ளி இடதுபக்கமும் பழகி வந்து ஒரே லேனில் இறங்கினால் நேருக்கு நேர் மோதல்தான். வார்ம்-அப் தொடங்கும் முன் மைக்கில் திசையை அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மற்றவை எளிது. முன்னால் போகிறவருக்கு குறைந்தது 5 நொடி இடைவெளி விட்டுக் கிளம்பணும். நிற்க வேண்டுமானால் சுவரின் நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கணும். நடுக்குளத்தில் நின்று கண்ணாடியைச் சரிசெய்யக் கூடாது. பேடில், ஃபின்ஸ் போன்றவை நெரிசலில் அடுத்தவர் முகத்தைக் கிழிக்கும், அவை பையிலேயே இருக்கட்டும்.

வயதும் வேகமும் பார்த்து லேன் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். இடம் போதவில்லை என்றால் சின்னப் பசங்களுக்கு ஒரு 20 நிமிடம், பெரியவர்களுக்கு ஒரு 20 நிமிடம் என்று தனித்தனியாக விடலாம்.

முதுகு நீச்சலுக்குத் தனி எச்சரிக்கை ஏன்?

முதுகு நீச்சலில் போகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. சுவரும் தெரியாது. குளத்துக்குக் குறுக்கே கட்டியிருக்கும் சின்னச் சின்னக் கொடிகள் அலங்காரத்துக்கு இல்லை. அவை சுவரிலிருந்து சரியாக 5 மீட்டர் தொலைவில், தண்ணீருக்கு மேலே 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கணும் என்பது விதி. கொடியைப் பார்த்ததும் 'இன்னும் இத்தனை கைவீச்சில் சுவர்' என்று வீரர் எண்ணிக்கொள்வார். அந்த எண்ணிக்கையைப் பழகுவது வார்ம்-அப்பில்தான்.

கொடி கட்டாத குளத்தில் முதுகு நீச்சல் வார்ம்-அப் வேண்டாம். 'முதல்ல பசங்க இறங்கட்டும், கொடி பிறகு கட்டிக்கலாம்' என்று யாராவது சொன்னால், தலையை சுவரில் மோதப் போவது யார் பிள்ளை என்று கேளுங்கள்.

மூச்சடக்கிப் பார்க்கலாமா?

கூடாது. வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விட்டுவிட்டு தண்ணீருக்கடியில் போனால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று பசங்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 'மூச்சு விடு' என்று நமக்கு உணர்த்துவது உடம்பில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விடும்போது அது குறைந்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருந்தாலும் மூச்சுத் திணறலே தெரியாது. எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்கடியிலேயே மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். போட்டி நாளில் மூச்சடக்கும் பந்தயத்துக்கு இடமே இல்லை.

யார் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்?

யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் போட்டிகளில் வார்ம்-அப்புக்கென்றே மார்ஷல்களை நிறுத்துவார்கள். தனியாகத் தெரியும் உடையில் நிற்கும் இவர்களுக்கு, விதி மீறுபவரைத் தண்ணீரை விட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரம் உண்டு. நம்ம ஊரில் பி.டி. சாரோ மூத்த மாணவர்களோ இந்த வேலையைச் செய்யலாம். குளத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவர், கையில் விசில், சட்டை மேல் ஒரு கலர் பனியன். செலவில்லாத ஏற்பாடு.

லைஃப் கார்டு வார்ம்-அப் தொடங்கும் முன்பே வந்து நிற்கணும். 'போட்டி ஒன்பது மணிக்குத்தானே' என்று அவர் ஒன்பதுக்கு வருவதில் அர்த்தமில்லை.

உலகத் தரப் போட்டியிலும் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. 2022 ஜூனில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், கலை நீச்சல் வீராங்கனை அனிதா ஆல்வரெஸ் தன் நிகழ்ச்சி முடிந்ததும் மயங்கித் தண்ணீருக்கடியில் போனார். கரையில் இருந்த அவருடைய பயிற்சியாளர் ஆண்ட்ரியா ஃபுவெண்டெஸ்தான் போட்டிருந்த உடையோடு குதித்து அவரை மேலே கொண்டுவந்தார். அவர் கண் தண்ணீரிலேயே இருந்ததால் அனிதா பிழைத்தார். பயிற்சியாளர்கள் செல்போனைப் பையில் போட வேண்டிய நேரம் இது.

எவ்வளவு நீந்தினால் போதும்?

வயதுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மாறும். பயிற்சியாளர் சொல்வதே இறுதி. வழக்கமான ஒரு மாதிரி இதோ:

• தரையில் 8 முதல் 10 நிமிடம்: கையைச் சுழற்றுவது, தோளைச் சுற்றுவது, உட்கார்ந்து எழுவது, கணுக்காலைச் சுழற்றுவது. ஒரே நிலையில் ரொம்ப நேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்டல்கள் தசையின் வேகத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும் என்பதால் போட்டிக்கு முன் வேண்டாம்.

• தண்ணீரில் லேசாக 200 மீட்டர்.

• உதைப்பும் கைவீச்சும் சரிபார்க்க 50 மீட்டர் வீதம் நான்கு முறை.

• வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி 25 மீட்டர் வீதம் நான்கு முறை.

• ஸ்பிரின்ட் லேனில் இரண்டு டைவ்.

• கடைசியாக லேசாக 100 மீட்டர்.

மொத்தம் 600 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். பத்து வயசுப் பிள்ளைக்கு இதில் பாதி போதும். வெளியே வரும்போது களைத்துப் போயிருந்தால் அது வார்ம்-அப் இல்லை, பயிற்சி.

வலி இருந்தால் பிள்ளை மறைக்காமல் சொல்லணும். நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷுக்கு 2020-ல் கழுத்துத் தண்டுவடத் தட்டு விலகியது. சிகிச்சையும் பொறுமையான பயிற்சியுமாக மீண்டு வந்து, 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். ஒரு மாவட்டப் போட்டியைத் தவறவிட்டால் எதுவும் முடிந்துபோகாது.

வார்ம்-அப் முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்?

நம்ம போட்டிகளில் அடிக்கடி நடப்பது இதுதான். ஏழு மணிக்கு வார்ம்-அப் முடியும். சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்ற ஒன்பதாகிவிடும். அதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சர்வதேச அளவிலான வீரர்கள் வார்ம்-அப்புக்குப் பிறகு 45 நிமிடம் காத்திருந்தபோதை விட 20 நிமிடம் காத்திருந்தபோது 200 மீட்டரை வேகமாக நீந்தினார்கள்.

தாமதம் ஆனால் ஈர உடையோடு உட்கார வைக்காதீர்கள். துவட்டி, மேலே ஒரு டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போட்டு, காலில் செருப்பு மாட்டிவிடுங்கள். கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன் திரும்பவும் கை சுழற்றி, இடத்திலேயே லேசாகக் குதித்தால் போதும். ஈரமான குளக்கரையில் ஓட வேண்டாம். வழுக்கி விழுவதும் காயம்தான்.

மதுரை வெயிலுக்கு என்ன செய்வது?

குளத்துத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கணும் என்பது போட்டி விதி. சித்திரை, வைகாசியில் திறந்தவெளிக் குளம் அந்த அளவைத் தாண்டக்கூடும். தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது. ஆனால் வியர்க்கும்.

2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல் நீச்சலில், அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் சூடான தண்ணீரில் நீந்தும்போது உயிரிழந்தார். அதன் பிறகுதான் திறந்தவெளி நீச்சலுக்கு 31 டிகிரி என்ற உச்சவரம்பு வந்தது. அது நீண்ட தூரப் போட்டி என்றாலும், தண்ணீருக்குள் இருந்தாலே உடம்பு குளிர்ச்சியாக இருக்கும் என்ற நினைப்பு தப்பு என்பதை அந்த மரணம் காட்டியது.

வெயில் காலத்தில் காலை 7 மணிக்குள் வார்ம்-அப்பை முடித்துவிடுவது நல்லது. காத்திருக்கும் இடத்தில் நிழலுக்கு ஒரு சாமியானா, குடிக்கத் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட மோர், தலைக்குத் தொப்பி. இரண்டு மணி நேரம் முன்பே ரெண்டு மூணு இட்லி சாப்பிட்டிருந்தால் நல்லது. ஜிகர்தண்டா போட்டி முடிஞ்ச பிறகு!

ஐப்பசி, கார்த்திகையில் இடி வேறு மிரட்டும். இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியேறணும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மீண்டும் இறங்கணும்.

அடிபட்டுவிட்டால்?

தலையோ கழுத்தோ மோதியிருந்தால் பதறிப்போய் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். உடைந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் சேதப்படுத்தலாம். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், முகம் மேலே இருக்கும்படி தண்ணீரிலேயே மிதக்க வைத்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் அசையாமல் பிடித்துக்கொள்ளணும். மற்றவர்களை வெளியேற்றி அலை அடங்கச் செய்து, 108-ஐ அழைக்கணும். பலகையில் கிடத்தித் தூக்குவது பயிற்சி பெற்றவர் வேலை.

மூச்சே இல்லை என்றால் மூச்சுக்குத்தான் முதலிடம். உடனே வெளியே எடுத்து, செயற்கை மூச்சு கொடுத்து, 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை மூச்சு ஊதும் சி.பி.ஆர். முறையை ஆம்புலன்ஸ் வரும் வரை தொடரணும். 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று பிள்ளை எழுந்து உட்கார்ந்தாலும், கழுத்து வலி, கை காலில் மரமரப்பு, வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் அன்று போட்டி கிடையாது. நேராக மருத்துவமனைதான்.

பெற்றோர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பிளாக் உள்ள பக்கம் ஆழம் எவ்வளவு?

2. வார்ம்-அப் தொடங்கும்போதே லைஃப் கார்டு இருப்பாரா?

3. டைவ் அடிக்க எந்த லேன், எந்த நேரம்?

4. வயது வாரியாக லேன் பிரித்திருக்கிறார்களா? எந்தத் திசையில் சுற்றணும்?

5. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி திறந்திருக்கிறதா? கேட்டின் சாவி யாரிடம்?

இந்த ஐந்தையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால், சொல்ல ஒருவர் வரும் வரை பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.